வொரண்டுக்கு மாற்றிய இருபதாயிரம் பங்குகள்

எங்கள் பங்குத் தரகர் கம்பனியின் மாத்தளைக் கிளையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. கண்டிக் கிளையில் வேலைசெய்யும் பிள்ளையொருத்தி தொலைபேசியில் சொன்னாள். இப்போது எல்லாரும் கைபேசியிலேயே பங்கு வாங்கி விற்கிறார்களாம்; படியேறி வர ஆளில்லையாம். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"மிஸ், திரும்பவும் வொரண்ட் வருதுன்னு சொல்றாங்க. இங்க இருக்கிற யாரும் ஒரு வொரண்ட் காலாவதியானதப் பார்த்ததில்ல. நீங்க பார்த்தத எழுதித் தாங்களேன்."

எழுதுகிறேன் என்றேன். எனக்கு வேறு வேலையும் இல்லை. இரண்டு அறை கொண்ட வாடகை மாடியில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

நான் பிறந்தது ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில். உயர்தரம் முடித்ததும் தட்டச்சுக்காரியாக அந்தப் பங்குத் தரகர் கம்பனியில் சேர்ந்தேன். பரீட்சை எழுதி, இரண்டாம் முறை பாஸ் பண்ணி, முதலீட்டு ஆலோசகர் ஆனேன். கிளையில் தமிழ் பேசுகிற ஆலோசகர் நான் ஒருத்திதான். காலை ஒன்பதரைக்குச் சந்தை திறக்கும், பகல் இரண்டரைக்கு மூடும். அந்த ஐந்து மணிநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு தொலைபேசியில் பேசுவது என் வேலை. வாடிக்கையாளர் யாரோடும் நெருங்கிப் பழகக்கூடாது என்பது எங்கள் முகாமையாளரின் கட்டளை. அதனால் மதியச் சாப்பாட்டையும் நான் தனியாகவே சாப்பிட்டேன். சந்தை ஏறிய நாட்களில் கடைத்தெருவில் எல்லாரும் என்னை நிறுத்தி நலம் விசாரித்தார்கள். விழுந்த நாட்களில் என்னைக் கண்டதும் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள். நாளாக ஆக எனக்கு அது பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

முகாமையாளரின் பெயர் ரணவீர. ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையின் கைகளை மடிக்கவே மாட்டார். யாரையும் அதட்டியதில்லை, பிழை செய்தால் அந்தத் தாளை நம் மேசையில் குப்புற வைத்துவிட்டுப் போய்விடுவார். நாம் திருப்பிப் பார்த்து, பிழையைக் கண்டுபிடித்து, திருத்திக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என்னோடு சிங்களத்தில்தான் பேசுவார். ஆனால் தமிழ் வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் வரவேற்று, நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்.

வொரண்ட் முதன்முதலாக எங்கள் ஊருக்கு வந்தபோது ஆட்களுக்குப் பெரிய சிரிப்பு. வொரண்ட் என்றால் நீதிமன்றத்துக்குப் போகாதவனைப் பிடிக்கப் பொலிஸ் கொண்டுவருவது. "யாருக்கு மிஸ் வொரண்ட்?" என்று கேட்டுக்கொண்டே படியேறுவார்கள். நான் விளக்கிச் சொல்வேன். பங்கு வாங்கினால் கம்பனியில் ஒரு சிறு பகுதி உங்களுடையது. வொரண்ட் வாங்கினால் கம்பனியில் உங்களுக்கு ஒன்றும் சொந்தமில்லை. இன்ன திகதிக்குள், சந்தையில் என்ன விலையானாலும், இன்ன விலைக்கு ஒரு பங்கு தருவோம் என்று கம்பனி கொடுக்கிற உரிமை மட்டும்தான் அது. திகதி தாண்டினால் அந்த உரிமையும் போய்விடும்.

இதை வாயால் சொன்னால் போதாது என்பது ரணவீரவின் எண்ணம். வொரண்ட் கேட்டு யார் வந்தாலும் ஒரு தாளை நீளவாக்கில் மடித்து, இடது பக்கம் பங்கு, வலது பக்கம் வொரண்ட் என்று எழுத வைப்பார். அப்போது ஒரு கம்பனியின் பங்கு நாற்பது ரூபாய். அதே கம்பனியின் வொரண்ட் ஐந்து ரூபாய். ஐம்பது ரூபாய்க்கு ஒரு பங்கு வாங்கும் உரிமை. இரண்டு வருடத் தவணை. பங்கு எண்பதுக்கு ஏறினால் இடது பக்கம் பணம் இரண்டு மடங்காகும். வலது பக்கம், ஐம்பதுக்கு வாங்கி எண்பதுக்கு விற்கலாம் என்பதால் ஐந்து ரூபாய் முப்பதாகி, ஆறு மடங்கு. இதை நாங்கள் எழுதுவோம். அடுத்த வரியை வாடிக்கையாளரே தன் கையால் எழுத வேண்டும். பங்கு ஏறாமல் நாற்பதிலேயே நின்றால்? இடது பக்கம் நாற்பது. வலது பக்கம் பூச்சியம். எழுதும்போது பலருக்குக் கை கொஞ்சம் நிற்கும். அந்த நிற்றலுக்காகத்தான் எழுத வைக்கிறேன் என்பார் ரணவீர. அதற்குப் பிறகு, கம்பனி தன் இலாபத்திலிருந்து தரும் பங்கிலாபம்: இடது பக்கம் உண்டு, வலது பக்கம் இல்லை. கடைசி வரி கம்பனிப் படிவத்தில் இல்லாதது. இந்தப் பணம் எதற்கு, எப்போது வேண்டும்? அதை எழுதிய பிறகு நாங்கள் பேசக்கூடாது. வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லக்கூடாது. முடிவு அவர்களுடையது.

அந்தச் சட்டத்தை நான் ஒருமுறை மீறினேன். இன்னொருமுறை மீறாமல் இருந்தேன். இரண்டும் ஒரே மனிதர் விஷயத்தில்.

அவர் பெயர் ஆறுமுகம். மாத்தளைக்கு வடக்கே நாலந்தா பக்கம் கொக்கோவும் மிளகும் போட்ட ஒரு தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் மருந்து கொடுத்தவர். தோட்டத்து ஆட்களுக்கு அவர் டொக்டரய்யா. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் குவைத்தில் வீட்டுவேலை செய்தாள். ஓய்வுபெற்ற பிறகும் அவர் இடத்துக்கு ஆள் கிடைக்காததால் தோட்டம் அவரைக் குவார்ட்டர்ஸில் இருக்க விட்டிருந்தது. சேமலாப நிதியில் வந்த பணத்தில் அந்த நாற்பது ரூபாய்ப் பங்கில் இருபதாயிரம் வாங்கி வைத்திருந்தார். எட்டு லட்சம். அவருடைய உழைப்பு மொத்தமும் அதுதான்.

ஒருநாள் ஒரு கடிதத்தோடு வந்தார். புதிய நிர்வாகம் குவார்ட்டர்ஸைக் கேட்கிறது. ஒன்றரை வருடம் தவணை கொடுத்திருக்கிறது. மந்தண்டாவளையில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தார். இரண்டு அறை, ஒரு பலாமரம், கிணறு. வீட்டுக்காரர் பதினாறு லட்சம் கேட்டார்.

"என்கிட்ட பாதிதான் இருக்கு மிஸ். புள்ள திரும்பி வந்தா எங்க வந்து எறங்குவா? பங்க எல்லாம் வித்துட்டு வொரண்ட் எடுத்தா என்ன?"

நான் தாளை மடித்தேன். எட்டு லட்சத்துக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் வொரண்ட் கிடைக்கும். அவர் பூச்சியத்தை மருந்துச் சீட்டு எழுதுகிற கையால் வட்டமாக, நிதானமாக எழுதினார். கடைசி வரியில் "வீடு" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க சொந்தக் காசுன்னா என்ன செய்வீங்க?"

பதில் சொல்லக்கூடாத கேள்வி. ஆனால் என் அப்பாவும் லயத்தை விட்டுப் போக இடமில்லாமல் அங்கேயே செத்தவர்.

"எடுக்க மாட்டேன் ஐயா. ஏறினா பங்கும் ஏறும். ஏறலன்னா பங்காவது கையில இருக்கும். வீட்டுக் காச வொரண்டுல போடாதீங்க."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்ப சரி" என்று போய்விட்டார்.

அடுத்த பதினொரு மாதம் சந்தை ஏறிய ஏற்றத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. நாற்பது ரூபாய்ப் பங்கு ஐம்பதாகி, அறுபத்தைந்தாகி, எண்பதில் வந்து நின்றது. ஐந்து ரூபாய் வொரண்ட் முப்பத்திரண்டுக்குப் போனது. கடைத்தெருவில் மிளகு, சாதிக்காய் வாங்கி விற்கும் காதர் நானா அதில் பெரிய காசு பார்த்தார். ஒருநாள் பணம் எடுக்க வந்தவர், வாடிக்கையாளர் பெஞ்சில் டொக்டரய்யா இருப்பதைக் கண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கெட்ட எண்ணம் இல்லாத மனிதர். சந்தோசத்தில் பேசிவிட்டார்.

"டொக்டரய்யா, நீங்க அன்னைக்கு எடுக்கணும்னு தானே வந்தீங்க? மிஸ்ட பேச்சக் கேட்டு அம்பது லட்சத்த உட்டுட்டீங்களே."

அறையில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டொக்டரய்யா சிரித்துக்கொண்டே, "மிஸ் நல்லதுக்குத்தான் சொன்னாங்க" என்றார். அந்த நேரம் அவர் என்னைத் திட்டியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மாலையில் ரணவீர என் மேசைக்கு வந்தார். காதர் நானா பேசியது அவர் காதிலும் விழுந்திருந்தது. அவர் கையில் தாள் எதுவும் இல்லை.

"நீங்கள் சொன்ன விஷயம் பிழையில்லை. அதை நீங்கள் சொன்னதுதான் பிழை" என்றார் சிங்களத்தில். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இனி யாருக்கும் எதுவும் சொல்வதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். எவ்வளவு எளிதான முடிவு அது. நான் அன்றைக்கு யோசித்துப் பார்க்காத கணக்கு ஒன்று அங்கே கிடந்தது. இருபதாயிரம் பங்கு, எண்பது ரூபாய், பதினாறு லட்சம். மந்தண்டாவளை வீட்டின் விலை. என் பேச்சைக் கேட்டதால் அவர் எதையும் இழக்கவில்லை. அவருக்கு வேண்டியது முழுதாக அவர் கையில் இருந்தது. ஆனால் அவரும், நானும், அந்த அறையில் இருந்த எல்லாரும் கிடைக்காமல் போன ஐம்பது லட்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கு அடுத்த கிழமை டொக்டரய்யா மூன்று நாள் தொடர்ந்து வந்தார். காலை பஸ்ஸில் வந்து, சந்தை திறக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து, மூடும்வரை இருந்தார். முதல் நாள் எதுவும் பேசவில்லை. இரண்டாம் நாள், "இன்னைக்கு எப்படி மிஸ்?" என்றார். "எம்பத்தொண்ணு, ஐயா" என்றேன். மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அந்த மூன்றாம் நாள்தான் எனக்குக் கணக்குப் புரிந்தது. பதினாறு லட்சம் என்று ஒரு காகித ஓரத்தில் எழுதியும் விட்டேன். பங்கை விற்று வீட்டை வாங்குங்கள் ஐயா என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்ன மறுநாள் பங்கு நூறுக்குப் போனால்? மறுபடியும் அந்த ஆறேழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரைக்கு அவர் எழுந்து போனார்.

நாலாம் நாள் வந்து நேராக என் முன்னால் உட்கார்ந்தார்.

"எல்லாத்தயும் வித்துட்டு வொரண்ட் எடுத்துருவோம் மிஸ். இன்னும் ஒரு வருசம் இருக்கு தானே. வீட்டோட சேத்துப் புள்ள பேர்லயும் ஏதாச்சும் போடலாம்."

தாளை மடித்தேன். எல்லா வரியையும் எழுதினோம். அவர் மறுபடியும் பூச்சியம் போட்டார். இந்த முறை அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை.

பெரிய தொகை என்றால் வாங்கவோ விற்கவோ கொடுக்கும் கட்டளை தொலைபேசியில் குரலாகப் பதிவாக வேண்டும். அதற்குக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. வாடிக்கையாளர் அதற்குள் போய்த் தொலைபேசியை எடுக்க வேண்டும்; ஆலோசகர் தன் மேசையிலிருந்து பேச வேண்டும். அவர் வாய் அசைவது கண்ணாடிக்குள் தெரிந்தது, குரல் என் காதில் கேட்டது. பெயரைச் சொன்னார். கணக்கு இலக்கத்தைச் சொன்னார். இருபதாயிரம் பங்கு விற்கிறேன், எண்பது ரூபாய். ஐம்பதாயிரம் வொரண்ட் வாங்குகிறேன், முப்பத்திரண்டு ரூபாய். சட்டப்படி நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"இது உங்க சொந்த முடிவா?"

கண்ணாடிக்குள் அவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"என்னோட சொந்த முடிவுதான் மிஸ்."

இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. தரகுப் பணத்தைத் தனியாகக் கையிலிருந்து கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இரண்டு மாதத்துக்குள் சந்தை திரும்பியது. எண்பது எழுபதானது, அறுபதானது. பங்கு கால்வாசி இறங்கினால் வொரண்ட் பாதிக்கு மேல் இறங்கும் என்பதைத் தாளில் எழுதியிருந்தோம். எழுதுவது வேறு, திரையில் நாள்தோறும் பார்ப்பது வேறு. வொரண்ட் நாலு ரூபாய்க்கு வந்த அன்று நான் தாங்கமாட்டாமல் அவரைக் கூப்பிட்டேன். ரணவீர எதிரிலேயே இருந்தார், என்னைத் தடுக்கவில்லை.

"ஐயா, இப்பவாச்சும் வித்துருங்க."

"ரெண்டு லட்சம் வரும் மிஸ். அத வச்சு என்ன செய்ய ஏலும்? இருக்கட்டும். ஏறும்."

குவார்ட்டர்ஸ் தவணையை ஆறு மாதம் நீட்டித் தரச்சொல்லித் தோட்டத்துக்கு எழுதி வாங்கியிருந்தார். அதுவும் வொரண்டின் தவணையும் கிட்டத்தட்ட ஒரே மாதத்தில் முடிவதாக இருந்தது.

காலாவதி நெருங்கும்போது செய்ய வேண்டியவற்றை ரணவீர எனக்கு ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லித் தந்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். ஒரு மாதத்துக்கு முன் இன்னொன்று. வொரண்டைப் பங்காக மாற்றப் பணம் கட்ட வேண்டிய கடைசி நாள் இது, சந்தையில் விற்கக்கூடிய கடைசி நாள் அது என்று இரண்டு திகதிக்கும் அடியில் கோடு போட வேண்டும். கடைசி விற்பனை நாளில் தொலைபேசி. கடிதம் கிடைத்த அத்தாட்சியைக் கோப்பில் ஒட்ட வேண்டும். பங்கு நாற்பத்தொன்றில் நின்றது. சந்தையில் நாற்பத்தொன்றுக்குக் கிடைப்பதை ஐம்பது கட்டி வாங்க யார் போவார்? வொரண்ட் ஒரு ரூபாய்கூட இல்லாமல் பத்துச் சதத்துக்கு வந்திருந்தது. அந்த விலைக்கும் ஆளில்லை.

விற்கக்கூடிய கடைசி நாள் மத்தியானம் ரணவீர கோப்புகளை எடுத்துக்கொண்டு வந்து, "இவரை நான் கூப்பிடுகிறேன்" என்றார். வேண்டாம் சேர், நானே பேசுகிறேன் என்றேன். அவர் போகாமல் அங்கேயே நின்றார்.

"ஐயா, இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"தெரியும் மிஸ். கடதாசி வந்துச்சு." பின்னால் கோழி சத்தம் கேட்டது. "சாமான் கட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

தொலைபேசியை வைத்ததும் ரணவீர கோப்பில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திட்டார். உள்ளே போய் எனக்கும் ஒரு தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அவரோடு வேலைசெய்த இத்தனை வருடத்தில் அப்படிச் செய்தது அந்த ஒரு நாள்தான்.

டொக்டரய்யா மாத்தளையிலேயே, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டின் பின்பக்க அறையை வாடகைக்கு எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நாலு மாதம் கழித்துத்தான் எனக்குப் போக மனம் வந்தது. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக்கூடாது. அவர் கணக்கில் இப்போது எதுவும் இல்லாததால் அவர் வாடிக்கையாளரும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீனியும் தேயிலையும் ஒரு பிஸ்கட் பக்கட்டும் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

கட்டில், மேசை, இரண்டு பெட்டி. பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. அவர் என்னைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைத்தார். மகள் குவைத்தில் இன்னும் இரண்டு வருட வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள், இப்போதைக்கு வரமாட்டாள் என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இருமல் என்றால் தன்னிடம்தான் கூட்டிவருகிறார்கள் என்றார். கப்பைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா மிஸ்? கோவத்துல கேக்கல."

"கேளுங்க ஐயா."

"மொத தரம் நான் கேட்டப்ப நீங்க சொன்னீங்க. ரெண்டாந் தரம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

பொய் சொல்ல எனக்கு ஒரு சட்டம் தயாராக இருந்தது. ஆலோசகர் முடிவு சொல்லக்கூடாது என்ற சட்டம். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"பயந்துட்டேன் ஐயா. மறுபடியும் பிழையாப் போயிருமோன்னு. வித்து வீட்ட வாங்குங்கன்னு சொல்லத்தான் நினைச்சேன். கணக்குக்கூடப் போட்டு வச்சிருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் அந்தக் கணக்குத் தெரியும். பதினாறு லட்சம். அத உங்க வாயால கேக்கத்தான் மூணு நாள் வந்தேன். காதர் நானா பேசினதுக்கப்புறம் எனக்கு என்னையே நம்ப முடியல. நீங்க ஒரு தரம் திரும்பிப் பாத்திருந்தா கேட்டிருப்பேன். நீங்க அந்தக் கம்பியூட்டர் பெட்டியவே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

கையிலிருந்த தேத்தண்ணி ஆறிவிட்டது. குடித்தேன். அவர் இன்னொரு கப் வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். கோயிலில் மதியப் பூசை மணி அடித்தபோது எழுந்தேன். வாசல்வரை வந்து, "பாத்துப் போங்க, படி வழுக்கும்" என்றார்.

அடுத்த மாதம் மறுபடியும் போனேன். அறையில் வேறு யாரோ இருந்தார்கள். அவர் வவுனியாவில் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாக வீட்டுக்காரம்மா சொன்னார். விலாசம் எதுவும் விட்டுப் போகவில்லை. பழைய தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை.

அதற்குப் பிறகும் பல வருடம் அந்தக் கிளையில் இருந்தேன். பெஞ்சில் யாராவது பேசாமல் உட்கார்ந்திருந்தால் திரையை விட்டுத் திரும்பி, என்ன யோசிக்கிறீங்க என்று கேட்டேன். ரணவீர பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். வற்புறுத்திக் கேட்டவர்களுக்கு என் மனதில் பட்டதைச் சொன்னேன். சில தடவை பிழையாகப் போனது, திட்டினார்கள், கேட்டுக்கொண்டேன். வரவர எல்லாரும் வீட்டிலிருந்தே கட்டளை கொடுக்கத் தொடங்கினார்கள். கடைசி வருடத்தில் சில நாட்கள் சந்தை திறந்து மூடும்வரை அந்தப் பெஞ்சில் யாருமே வந்து உட்காரவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.